தொண்ணூறு கிலோ நானூறு கிராம்

பப்ரூய்ஸ்க்,
ஏப்ரல் 21.

அன்புள்ள மகாருக்கு,

லியாவோன் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நீயும் உலியானாவும் நலமாக இருக்க வேண்டும். வழக்கம்போல 'பீப்பாய்க்கு' என்றுதான் முதலில் ஆரம்பித்தேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஏன் என்று கீழே சொல்கிறேன். சொல்ல வருகிறதா, பார்க்கலாம்.

போனை எடுத்துப் பேசாமல் கடிதம் எழுதுகிறானே, இவனுக்கு என்ன ஆயிற்று என்று நினைப்பாய். போனில் நீ சிரித்தே பேச்சை மாற்றிவிடுவாய், அதுதான் காரணம். வார்சாவுக்கு வேன் ஓட்டும் ஹெனிக்கிடம் கொடுத்தனுப்புகிறேன், அவன் அங்கிருந்து ரோட்டர்டாமுக்குத் தபாலில் சேர்த்துவிடுவான். கூடவே உலியானாவுக்கு இரண்டு பெட்டி ஸெஃபிர் மிட்டாய் இருக்கிறது, நீ கை வைக்காதே. நீ அந்த ஊருக்குப் போன நாளிலிருந்து ஒவ்வொரு ஏப்ரலும் மூன்று லிட்டர் பிர்ச் மரச் சாறு அனுப்புவேனே, இந்த வருஷம் அது கிடையாது. அதற்கும் காரணம் கீழேதான் வருகிறது.

ஊர்ச் செய்தி அதிகமில்லை. நம் கிக்பாக்ஸிங் பயிற்சிக்கூடத்தின் கூரை மறுபடி ஒழுகுகிறது, வாளி வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நமக்குக் கற்றுக்கொடுத்த விதோல்த் ஐயாவுக்கு முட்டி வீங்கிக் கிடக்கிறது, ஆனால் வாய் வீங்கவில்லை. போன வாரம் பார்க்கப் போனபோது என் மாணவர்களைப் பற்றி அரை மணி நேரம் திட்டினார். உன் ஆட்டங்களையெல்லாம் பேரன் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டுகிறானாம். “கையைத் தூக்குடா, கையைத் தூக்குடா”ன்னு திரையைப் பார்த்துக் கத்துகிறாராம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் பதினாலாம் தேதி இஸ்தான்புல்லில் அந்த ருமேனியாக்காரனோடு நீ மோதும்போது உன் மூலையில் துணைக்கு நான் நிற்க வேண்டும் என்று கேட்டாய். “வந்து நில்லுடா, ஆனா ஒண்ணு, என்ன ஆனாலும் துண்டை மட்டும் எறிஞ்சுடாதே”ன்னு சொன்னாய். துண்டு உள்ளே விழுந்தால் சண்டை அதோடு நின்று நீ தோற்றதாகிவிடும் என்று உனக்குப் பயம். நான் சரி என்றேன். எதற்குச் சரி என்றேன் என்று எனக்கே தெரியவில்லை. அவன் நூற்றி முப்பது கிலோ. உனக்கு முப்பத்தாறு வயது.

மூன்று நாள் கழித்து உலியானா கூப்பிட்டாள். நீ குளித்துக்கொண்டிருந்தாயாம், குரலை அடக்கிக்கொண்டுதான் பேசினாள். “அண்ணா, சட்டைப் பொத்தானை மாத்தி மாத்திப் போடறார். இடது கண்ணுல ஒண்ணு ரெண்டாத் தெரியுதுன்னு டாக்டர்கிட்ட சொல்லக்கூடாதாம், எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டார். நீங்க துண்டை எறியலேன்னா நான் உங்களை மன்னிக்கவே மாட்டேன்”னு அழுதாள். அவளிடமும் சரி என்றேன். ஆக ஒரே வாரத்தில் ஒரே துண்டுக்கு இரண்டு பேரிடம் இரண்டு வாக்கு கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த அழகில்தான் ஹலீனா அக்கா வந்து என் மண்டையை இன்னும் கலக்கினாள். உனக்கு அவளை நினைவிருக்கும். இப்போது நம் விளையாட்டுப் பள்ளியில் வருகிறவர்களின் கோட்டை வாங்கி மாட்டும் அறையில் இருக்கிறாள், அந்தக் காலத்தில் போட்டிகளில் எடை பார்த்துச் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை அவளுக்கு ஒரு ஜாடி சாறு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜாடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “இதைப் பார்த்தாலே மகார் ஞாபகம்தான் வருது. எல்லாப் பசங்களும் எடையைக் குறைக்க நீராவி அறையில வேகுவானுங்க. எடையை ஏத்தறதுக்குப் பாடுபட்டவன் என் சர்வீஸ்ல அவன் ஒருத்தன்தான்”னு சொன்னாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்கக் கேட்கத்தான் சொன்னாள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால், மின்ஸ்கில் தேசியப் போட்டி. நாட்டு அணிக்கு ஒரு பிரிவுக்கு ஒரே ஆள். தொண்ணூற்றொன்றுக்குக் கீழே ஒரு பிரிவு. அதைத் தாண்டிவிட்டால் நூற்றிருபது கிலோக்காரனும் நீயும் ஒரே பிரிவு. கீழ்ப்பிரிவில் நீயும் நானும்தான் இறுதிவரை வருவோம் என்று எல்லாருக்கும் தெரியும். அன்று காலை நீ எடை மேடையில் ஏறினாய். தொண்ணூறு கிலோ நானூறு கிராம். அவள் எழுதப் போனாள். “எழுதாதீங்க அக்கா, பத்து நிமிஷம் குடுங்க”ன்னு கெஞ்சினாயாம். வெளியே போய், உன் அம்மா கொடுத்தனுப்பிய சாற்று ஜாடியைச் சுவரோரமாக நின்றபடியே முழுசாகக் குடித்துவிட்டு வந்தாயாம். மறுபடி ஏறினாய். தொண்ணூற்று மூன்று. “மூஞ்சி பச்சையாப் போச்சு, இங்கயே வாந்தி எடுத்துடுவானோன்னு பயந்துட்டேன்”னு சொல்லி மறுபடி சிரித்தாள்.

அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தின்றே எடையைத் தாண்டிய முட்டாள் நீ. விதோல்த் ஐயா உன்னைக் காது கூசத் திட்டினார். பஸ்ஸில் ஊர் திரும்பும் வழியெல்லாம் பீப்பாய், பீப்பாய் என்று நான்தான் ஆரம்பித்தேன். நீயும் வயிற்றைத் தட்டிக் காட்டிச் சிரித்தாய். அந்தப் பெயர் அன்றோடு ஒட்டிக்கொண்டது. அதற்கு அப்புறம் ஏப்ரல்தோறும் உனக்கு நான் அனுப்பிய ஜாடி, உன் பெருந்தீனியைக் கேலி செய்யத்தான். ஒவ்வொன்றுக்கும் நீ நன்றி சொல்லிச் செய்தி அனுப்பினாய். உனக்கு எப்படித்தான் மனசு வந்ததோ.

எனக்குக் கோபமா அழுகையா என்று தெரியவில்லை மகார். நாலு நாளாக யோசிக்கிறேன். கீழ்ப்பிரிவில் நான் ஜெயித்தேன். ஐரோப்பியப் போட்டிக்குப் போனேன், வெண்கலம் வாங்கினேன். அந்த வெண்கலத்தைக் காட்டித்தான் இந்தப் பயிற்சியாளர் வேலை. மாணவர்கள் உள்ளே வரும்போது பார்க்கட்டும் என்று அதைக் கதவுக்கு எதிரே மாட்டி வைத்திருந்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் கழற்றி மேஜைக்குள் போட்டேன். வெள்ளிக்கிழமை திரும்ப மாட்டினேன். இன்று மறுபடி மேஜைக்குள் இருக்கிறது.

நீயோ அந்த வருஷமே மேல்பிரிவில் நூற்றிப் பதினெட்டு கிலோக்காரனிடம் தாடை உடைந்து இரண்டு மாதம் கஞ்சி குடித்தாய். ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்து, 'இனிமேலாவது வாயைக் கட்டு' என்று புத்தி சொன்னேன். இதை எழுதும்போது காது சுடுகிறது. அப்படியும் உன்னைப் பாவம் என்று நினைக்க வரவில்லை. ஏனென்றால், மலை மாதிரி ஆட்களைச் சுற்றிச் சுற்றி வந்து காலில் உதைத்துச் சாய்க்க நீ கற்றுக்கொண்டது அந்தப் பிரிவில்தான். ஜப்பானில் உன்னைப் பார்க்க ஜனம் எழுந்து நின்றதும் அதனால்தான். கீழேயே இருந்திருந்தால் நீயும் இப்போது இங்கே கூரைக்கு வாளி வைத்துக்கொண்டிருப்பாய். அப்படியானால் நீ எனக்கு விட்டுக்கொடுத்தாயா, அல்லது நல்லதை நீ எடுத்துக்கொண்டு மீதியை எனக்குப் போட்டாயா? காலையில் ஒன்று தோன்றுகிறது, மத்தியானம் வேறொன்று தோன்றுகிறது. அப்புறம் உன் இடது கண் நினைவுக்கு வருகிறது. பதினைந்து வருஷமாக உன்னைவிட முப்பது, நாற்பது கிலோ கூடுதலானவர்கள் அடித்த அடியெல்லாம் அந்தக் கண்ணில் இருக்கிறது. அதில் என் பங்கு எவ்வளவு?

இதைவிட என்னைக் குடைவது வேறு. ஏன் இப்படிச் செய்கிறாய் என்று ஹலீனா அக்கா அன்றே உன்னைக் கேட்டிருக்கிறாள். நீயும் ஏதோ பதில் சொல்லியிருக்கிறாய். என்ன சொன்னான் என்று கேட்டேன். “மோதினா தோத்துடுவேன்னு சொன்னானா, அவன் தோத்துடுவான்னு சொன்னானா, பதினஞ்சு வருஷம் ஆச்சுப்பா, எனக்கு எங்க ஞாபகம் இருக்கு. நல்ல பையன், அது மட்டும்தான் ஞாபகம்”னு சொல்லிவிட்டுக் கோட்டு மாட்டப் போய்விட்டாள்.

இப்போது சொல், நான் எதை எடுத்துக்கொள்வது? என்னிடம் தோற்றுவிடுவோம் என்று பயந்து ஓடினாயா? நான் தோற்றால் உடைந்துபோவேன் என்று இரக்கப்பட்டாயா? முதலாவது என்றால் உன்னை இன்றே மன்னித்துவிடலாம். இரண்டாவது என்றால் எப்படி மன்னிப்பது என்று தெரியவில்லை. அந்த வருஷம் நான் நல்ல ஆட்டக்காரனாகத்தான் இருந்தேன். என் வலது கை எப்படி இருந்தது என்று உனக்கே தெரியும். என்னை நானே அளந்து பார்க்க ஒரு நாள் வந்தது. அதை நீ ஒரு ஜாடியில் குடித்துத் தீர்த்துவிட்டாய்.

இஸ்தான்புல்லுக்கு வரமாட்டேன் என்று எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். இப்போது அப்படி எழுத முடியவில்லை. விசாவும் வேண்டாம், அந்தச் சாக்கும் எனக்கு இல்லை. வருகிறேன். ஆனால் உனக்குக் கொடுத்த வாக்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். துண்டு என் தோளில்தான் இருக்கும். உன் இடது கை ஒரு தடவை இறங்கினால்கூட எறிந்துவிடுவேன், முதல் சுற்றாக இருந்தாலும் சரி. நீ கத்து, ஜென்மத்துக்கும் என்னோடு பேசாமல் இரு. எனக்காக நீ என்னைக் கேட்காமல் முடிவெடுத்தாய். உனக்காக நானும் உன்னைக் கேட்காமல் ஒன்று எடுக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் வேறு ஆளை நிறுத்திக்கொள், இப்போதே சொல்லிவிடு. மனசுக்குள், நீ அந்தச் சண்டை மேடையில் ஏறவே வேண்டாம் என்றுதான் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். அதை நேராகச் சொன்னால் கேட்கமாட்டாய்.

அது எப்படி முடிந்தாலும், அங்கிருந்து என்னோடு இங்கே வா. முதலில் கண்ணைக் காட்டுவோம். பிறகு டாக்டர் சம்மதிக்கும் நாளில், தலைக்கவசம் போட்டுக்கொண்டு, ஒழுகும் கூரைக்குக் கீழே நீயும் நானும் மூன்று சுற்று. தலையில் அடி கிடையாது, உடம்பில் மட்டும். என் முட்டியும் ஒன்றும் உருப்படியாக இல்லை, சரிக்குச் சரியாக இருக்கும். விதோல்த் ஐயா நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பேரையும் திட்டட்டும். எடை பார்க்க ஹலீனா அக்காவைக் கூப்பிடுகிறேன்.

கடவுள் உன் கண்ணையும் உன்னையும் காப்பாற்றட்டும். உலியானாவிடம், அண்ணன் அவளுக்குக் கொடுத்த வாக்கைத்தான் வைத்துக்கொண்டான் என்று சொல். வரும்போது வயிற்றை நிரப்பிக்கொண்டு வராதே மகார். எடை மேடை என்ன காட்டுகிறதோ அதுவே இருக்கட்டும். ஒரே ஒரு தடவை உன் சொந்த எடையில் என் முன்னால் வந்து நின்று என்னை அடி. அடிக்காமல் விட்டது போதும்.

இப்படிக்கு,
என்றும் உன்,
லியாவோன்