மீன்தொட்டிமேல் ஈர லுங்கி

பாவா,

நான்கு நாளைக்கு முன் என் வீட்டுக் கூடத்தில் சுவருக்குப் பட்டி பூசித் தேய்க்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. ஆடிக் கிருத்திகைக்கு இந்த ஊர் முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்து வருகிற நம் ஊர் ஆட்கள் வழக்கம்போல இங்கேதான் தங்குவார்கள். அதற்குள் பெயிண்ட் அடித்து முடிக்க வேண்டும். உப்புத்தாள் சுவரில் உரச உரச வெள்ளைத் தூள் எல்லாவற்றின் மேலும் இறங்கிக்கொண்டிருந்தது. பெயிண்டர் திடீரென்று, "அக்கா, இந்த மீன்தொட்டிக்கு பிளாஸ்டிக் மட்டும் போறாது. ஈரத்துணி ஒன்னு போட்டா தூசிய அப்படியே புடிச்சிக்கும்" என்று சொல்லிக்கொண்டே, வருகிறவர்களுக்காக உங்கள் மனைவி, என் அக்கா, கொடுத்தனுப்பியிருந்த லுங்கிக் கட்டிலிருந்து ஒன்றை உருவி வாளியில் முக்கி எடுத்தார்.

சொட்டிய தண்ணீர் சிவப்பாக இருந்தது. புது நூலின் கஞ்சியும் சாயமும் சேர்ந்து நனைந்த வாசனை மூக்கில் ஏறியது. அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கி வாசலில் எறிந்துவிட்டேன்.

உங்கள் மகள் புனிதா தொட்டியைச் சுற்றி பிளாஸ்டிக் தாளை ஒட்டிக்கொண்டிருந்தாள். இங்கே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை கிடைத்ததிலிருந்து என்னோடுதான் இருக்கிறாள். தொட்டியும் அவளுடையதுதான். "இன்னா சித்தி, பேயப் பாத்த மாதிரி நிக்கற?" என்றாள்.

அவளுக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்லியாக வேண்டும். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் சொல்ல விட்டிருக்க மாட்டீர்கள்.

பன்னிரண்டு வருடம் ஆகிறது. நான் கணவர் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு பொதட்டூர்பேட்டைக்கு, உங்கள் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம், "எப்ப திரும்பிப் போற?" என்றுதான் கேட்டார்கள். அக்கா கேட்கவில்லை. ஆனால் அவள் தட்டு வைக்கிற சத்தத்தில் அந்தக் கேள்வி இருந்ததாக எனக்குப் பட்டது. நீங்கள் மட்டும், யார் வந்தாலும், "இது எங்க வூட்டு கெமிஸ்ட்ரி" என்று சொல்லி வைத்தீர்கள். படித்த படிப்பையே பெயராக வைத்துக் கேலி செய்கிறீர்கள் என்று முதலில் கோபம் வந்தது. 'வாழாமல் வந்தவள்' என்ற பெயர் என்மேல் ஒட்டுவதற்கு முன்பே நீங்கள் வேறொரு பெயரை ஒட்டிவிட்டீர்கள் என்பது புரிய வெகுநாளானது.

உங்கள் வீட்டுக்கும் அப்போது கிருத்திகைக்கு முந்தைய பெயிண்ட் வேலைதான். கூடத்துச் சுவரை ஒட்டி அந்த மூன்றடித் தொட்டி. ஆறாம் வகுப்புப் புனிதாவின் உலகம் அதற்குள் இருந்தது. ஏழு தங்கமீன்கள். நகம் அளவில் வாங்கி உள்ளங்கை அளவுக்கு வளர்த்த ஒன்றுக்கு ராணி என்று பெயர். தண்ணீரோடு தொட்டியை நகர்த்தினால் கண்ணாடி விட்டுவிடும் என்று அங்கேயே வைத்துக் காப்பாற்றுவதாக முடிவு செய்தீர்கள். பள்ளிக்கூடம் கிளம்பும்போது அவள் பையை மாட்டிக்கொண்டே திரும்பத் திரும்பச் சொன்னாள். "நைனா, ஒன்னு கூட சாவக்கூடாது."

"ஆங், நான் இருக்கேன் இல்ல. போ, பஸ் வந்துடும்."

அவள் போன கொஞ்ச நேரத்தில் நூல் வந்து இறங்கியிருப்பதாக வெளியூரிலிருந்து உங்களுக்கு போன் வந்தது. சட்டையைப் போட்டுக்கொண்டே என்னிடம், "கெமிஸ்ட்ரி, பிளாஸ்டிக் தாளு மாடிப்படி கீழ இருக்குது. தொட்டிய மூடிட்டு, காத்து மோட்டார பின்கட்டுல வெச்சு நீட்டு டியூப் போட்டு வுடு. நல்ல காத்து போவணும்" என்றீர்கள்.

எனக்கு உங்களைவிட அதிகம் தெரியும் என்று நினைத்தேன். பெயிண்ட் வாடையை மோட்டார் இழுத்துத் தண்ணீருக்குள் விடும் என்று அதை நிறுத்தினேன். அது பாதி சரி; அதற்காகத்தான் மோட்டாரைப் பின்கட்டில் வைக்கச் சொன்னீர்கள் என்று யோசிக்கவில்லை. பிளாஸ்டிக் போட்டால் மூச்சு முட்டும், ஈரத்துணிதான் தூசியை வடிகட்டும் என்று நானே ஒரு விதி செய்துகொண்டேன். வேறு வீடாக இருந்திருந்தால் கைக்கு ஒரு பழைய துண்டு கிடைத்திருக்கும். உங்கள் வீட்டில் கைக்கு எட்டுகிற துணி, தறியிலிருந்து அறுத்து மடிப்பதற்காகக் குவித்து வைத்திருந்த லுங்கிதான். முதல் தண்ணீருக்குச் சாயம் இறங்கும் என்பது அம்மையார்குப்பத்தில் தறிச் சத்தத்தில் வளர்ந்த எனக்குத் தெரியாததில்லை. அந்த நேரத்தில் அது என் தலையில் வரவில்லை. சிவப்புக் கட்டம் போட்ட ஒன்றை இரண்டாக மடித்து, நனைத்து, தொட்டியின் மேல் விரித்துவிட்டு, பெயிண்டர்களுக்குச் சமைக்கப் போய்விட்டேன்.

இரண்டு மணிக்கு நீங்கள் வந்தபோது மின்சாரம் போயிருந்தது. தறிகள் நின்று வீடே அமைதியாக இருந்தது. ஈரப் பாரத்தில் லுங்கி நடுவில் தொய்ந்து தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. நீங்கள் அதைத் தூக்கினீர்கள். தண்ணீர் பால் விடாத டீ நிறத்தில் இருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ராணி பக்கவாட்டில் சாய்ந்திருந்தது.

பின்கட்டில் தொட்டிக்கென்று முந்தின நாளே பிடித்து வைத்திருக்கும் தண்ணீரை அண்டாவில் ஊற்றி, ஒவ்வொன்றாக வலையில் எடுத்து அதில் விட்டீர்கள். மோட்டார் போட வழியில்லை. என் கையில் ஒரு சொம்பைக் கொடுத்தீர்கள்.

"பாவா, நான்தான்..."

"பேசாத, ஊத்து. ஒசரத்துல இருந்து ஊத்து, காத்து கலக்கணும். இதெல்லாம் கெமிஸ்ட்ரில வரலியா?"

அண்டாவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்கள். மொண்டு மொண்டு ஊற்றினோம். வெளியூர் போய்வந்த சட்டை தோள் வரை நனைந்திருந்தது உங்களுக்கு. நான்கு மீன்கள் நிமிர்ந்தன. மூன்று நிமிரவில்லை. ராணியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பிறகு மிகச் சாதாரணமாக, "லுங்கிய நான் போட்டேன்னு சொல்லிக்கறேன்" என்றீர்கள்.

"எதுக்கு பாவா? நான் சொல்றேன்."

"எங்கிட்ட கோச்சிக்கினா நாலு நாளு. அப்பன் தான, எங்க போய்டப் போறா. உங்கிட்ட கோச்சிக்கினா நீ இந்த வூட்ல எங்க போயி உக்காருவ?"

நான் மறுத்திருக்க வேண்டும். சொம்பை வைத்துவிட்டுத் தலை குனிந்துகொண்டேன். அந்த நிமிடத்தில் எனக்கு இருந்தது நிம்மதி. அதை உங்களிடம் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை, இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த புனிதா அண்டாவை எட்டிப் பார்த்து எண்ணினாள். லுங்கியைப் போட்டது நீங்கள்தான் என்று அவளிடம் சொன்னீர்கள். "உன்னத்தான நம்பிக்கினு போனேன் நைனா" என்றாள். அவ்வளவுதான். அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள். அக்கா, "முப்பது வருசமா லுங்கி நெய்யற ஆளு, மொத தண்ணிக்கு சாயம் எறங்கும்னு கூடவா தெரியல?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சேதி தெருவுக்குப் போனது. டீக்கடையில் உங்களைப் பார்த்தாலே, "இன்னாப்பா, மீனுக்கெல்லாம் லுங்கி கட்டி வுடறியாமே" என்றார்கள். நீங்களும், "அளவு சரியில்லப்பா, அடுத்த தபா தெச்சுக் குடுக்கறேன்" என்று சிரித்தீர்கள். தொழில் தெரியாதவன் என்ற பேச்சு ஒரு நெசவுக்காரருக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்பது அந்தத் தெருவில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

புனிதாவின் கோபம் நீங்கள் சொன்ன நாலு நாளில் தீரவில்லை. பத்து நாள் போனது. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். அவளுக்குப் பிடித்த எதையும் வாங்கிவந்து நீட்டி நீங்கள் அவளை வழிக்குக் கொண்டுவரப் பார்க்கவில்லை. மிச்சமிருந்த நாலு மீனுக்கும் தினமும் தண்ணீர் மாற்றினீர்கள். பத்தாம் நாள் அவள் ரேங்க் கார்டைக் கொண்டுவந்து, "கையெழுத்து" என்று நீட்டினாள். உங்கள் பெயரை எழுதி முடிக்க உங்களுக்கு அன்று எவ்வளவு நேரம் ஆனது.

பாவா, நீங்கள் பழியை ஏற்றுக்கொண்டதை மட்டும் நினைத்து நான் உங்களை மதிக்கவில்லை. அதற்குப் பிறகு என்றைக்குமே அதை என்னிடம் காட்டாததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நமக்கு ஒரு உதவி செய்தவர்களின் கண்ணோரத்தில் அது எப்போதாவது தெரியும். கெட்ட எண்ணத்தில் அல்ல, அவர்களை அறியாமலே தெரியும். உங்கள் கண்ணில் நான் தேடித் தேடிப் பார்த்திருக்கிறேன். எனக்கு இந்த ஊர்ப் பள்ளியில் வேலை கிடைத்து, தனி வீடு பார்த்து வந்து, என் காலில் நின்ற பிறகும், நீங்கள் வாசலில் செருப்பை விடும்போதே, "கெமிஸ்ட்ரி, காபி" என்றுதான் வருவீர்கள். அந்த நாளை மறந்தே விட்டீர்களோ என்றுகூட நினைத்தேன்.

மறக்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் தெரிந்தது. நீங்கள் படுத்திருந்தபோது புனிதா உங்களைச் சிரிக்க வைப்பதற்காக நர்ஸிடம், "எங்க நைனா யாரு தெரியுமா, லுங்கி போட்டு மீனக் கொன்ன ஆளு" என்றாள். நீங்கள் சிரித்தீர்கள். சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பாமல், வேண்டுமென்றே திரும்பாமல், ஜன்னலைப் பார்த்தீர்கள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். நீங்கள் போய் இரண்டு ஆடி முடிந்துவிட்டது.

நான்கு நாளைக்கு முன், கையில் சிவப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று, புனிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெயிண்டர்கள் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று தள்ளிப்போட்டால் இன்னொரு பன்னிரண்டு வருடம் ஓடிவிடும் என்று பயமாக இருந்தது.

அவள் ஒட்டுகிற வேலையை நிறுத்தவில்லை. முழுவதும் ஒட்டி முடித்தபின் கேட்டாள். "ஆஸ்பத்திரில நான் அந்த மீன் கதய சொல்லி சிரிச்சனே, நீயும் அங்க தான இருந்த?"

"ஆங்."

"பத்து நாளு சித்தி. பக்கத்துல குந்திகினு சோறு துன்னுகினு நைனா மூஞ்சியப் பாக்கல நானு. அதுக்கு இப்ப யாருகிட்ட போயி இன்னான்னு சொல்றது?"

அதன்பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சமைத்து மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறாள். மோட்டார் பின்அறையில் ஓடுகிறது, நீண்ட குழாய் வழியாகக் காற்று போகிறது, அவள் மீன்கள் நன்றாக இருக்கின்றன. நேற்று அக்கா போனில், "இன்னாடி, அவ குரலே சரியில்ல. சண்டையா?" என்றாள். தப்பு என்மேல்தான் என்று சொல்லி, அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "அந்த ஆள போயி அத்தன பேரு முன்னால திட்டினனேடி" என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிட்டாள்.

இன்று காலை புனிதா கிளம்பும்போது, அவளை நிறுத்தி, கையைப் பிடித்து, ஏதாவது சொல்லிச் சமாதானம் செய்துவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. செய்யவில்லை. என்னிடம் வரவேண்டிய கோபம் இது, வழியில் உங்களிடம் இத்தனை வருடம் தங்கிவிட்டு வந்திருக்கிறது. நீங்கள் அவளை ஒருநாளும் அவசரப்படுத்தவில்லை, பாவா. நானும் அவசரப்படுத்த மாட்டேன். அவள் டிபன் டப்பாவைக் கழுவித் துடைத்து, அவள் சமைத்ததையே அதில் போட்டு எடுத்து வைத்தேன். வேண்டாம் என்று சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனாள்.