கால் இல்லாத ராயப்பர்

8 நவம்பர் 1969, சனி

இராயபுரத்துச் சக்கரவர்த்தியும், துறைமுகத்து ஆறாம் நம்பர் விஞ்ச்சின் ஏகபோக அதிபதியுமாகிய இக்னேஷியஸ் எழுதுவது: இன்று நாம் ஒற்றைக் கையால் ஒரு கப்பலையே காலி செய்தோம். விஞ்ச்தான் தூக்கியது, நீ நெம்புகோலைத்தான் பிடித்தாய் என்று சிலர் சொல்வார்கள். பொறாமை.

மாலையில் வாசலில் தர்பார். அக்கா வியாகுலம்மாள் வலை முடிந்துகொண்டிருந்தாள். அவள் மகன் கஸ்பார், அவனோடு கடலுக்குப் போகும் அருள்பிரகாசம், அருள்பிரகாசத்தின் பெண்சாதி ஆலிஸ், எல்லாரும் கூடியிருந்தார்கள். எண்ணூர் ஆற்றோரப் பூங்காவில் பழைய உப்புக் கிடங்கை மியூசியமாக்கி வைத்திருக்கிறார்களே, அங்கே இருக்கும் மரச்சிலை, அந்தத் தாடிக்காரர் கதையை மறுபடி கேட்டார்கள். முகத்துவாரத்தில் தூர் வாரும்போது சேற்றோடு சேறாக வந்தவர். அவர் யார் என்று சர்க்காருக்கே தெரியாது. எனக்குத் தெரியும். சாட்சாத் நம் ராயப்பர், சேசுவின் சீடர் பேதுரு. ஒரு புயலில் ஏழு படகுகளை ஒரே கயிற்றில் கோத்து, அலைமேல் நடந்து கரைக்கு இழுத்து வந்தவர். சனங்கள் உதடு வைத்து முத்தி செய்து முத்தி செய்தே அவர் கால் கட்டைவிரல் தேய்ந்துபோயிற்று.

"போன வாட்டி அஞ்சு படகுன்ன, மாமு?" என்றான் கஸ்பார்.

"ரெண்டு படகு லேட்டா வந்து சேந்துதுடா."

ஆலிஸ் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக் கோழி கூடையை விட்டு வெளியே வந்துவிட்டது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. சிலுவை போட்டுக்கொண்டாள்.

10 நவம்பர், திங்கள்

விடியலில் கஸ்பாரும் அருள்பிரகாசமும் கட்டுமரம் தள்ளிப் போனார்கள். மத்தியானம் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். மூன்றாம் நம்பர். விஞ்ச் வேலை நின்றது.

இருட்டுவதற்குள் கட்டுமரங்கள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன. நம்முடையது வரவில்லை.

11 நவம்பர்

காற்று.

12 நவம்பர், புதன்

காற்று அடங்கிவிட்டது. அதுதான் பயமாக இருக்கிறது. இனிமேல் வராமலிருக்கக் காற்றைக் காரணம் சொல்ல முடியாது. இரண்டு லாஞ்சுகள் தேடிப் போய் வெறுமனே திரும்பின. ஆலிஸ் மணலை விட்டு அசையவில்லை.

அக்கா நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. இன்று காலை கஞ்சிச் சட்டியைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்:

"எண்ணூர் ராயப்பர் கால தொட்டு மெழுவத்தி ஏத்தினாத்தான் எனக்கு சோறு. நேந்துக்கினேன். என்னை இட்டுகினு போடா, இக்நேசி."

"அக்கா, இங்கியே ராயப்பர் கோயில் கீதே. ரெண்டு தெரு தள்ளி."

"இங்க கீறவரு பூச, மணின்னு பிசியா கீறாரு. அங்க கீறவருதான் தண்ணில நடந்து படகு இஸ்தாந்தவரு. நீதானே சொன்ன?"

நான்தான் சொன்னேன். எந்த நாளில், எந்த உற்சாகத்தில், எதற்காகச் சொன்னேன்? சும்மா. சிரிப்பார்கள் என்று.

13 நவம்பர், வியாழன்

அரை நாள் லீவு போட்டு நான் மட்டும் எண்ணூர் பஸ் ஏறினேன். அவளைக் கூட்டிப்போகும் முன் ஒரு தடவை பார்த்துவிடுவோமே என்று. அவரைச் சேற்றோடு லாரியில் ஏற்றிய அன்று தூரத்திலிருந்து பார்த்ததுதான். தாடி தெரிந்தது. எனக்கு ஒரு தாடி போதும்.

பூங்காவில் ஆள் இல்லை. இரண்டு பீரங்கி, ஒரு ஒடிந்த நங்கூரம், புல்லில் ஒரு மாடு. கிடங்குக்குள் இன்னும் உப்பு வாசனை. அவர் கடைசி அறையில், ஆற்றைப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே, தடுப்புக் கயிற்றுக்குள் நிற்கிறார். நிற்கிறார் என்று எப்படி எழுதுவது? இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. சுருள் சுருளாக ஏதோ இலை வேலைப்பாடு, அதோடு முடிந்தது.

காவல்காரர் அத்தாவுல்லாவிடம் கேட்டேன்: "பாய், காலு எங்க?"

"கால் இன்னா கால்? கப்பல் மூஞ்சில வைக்கிற பொம்ம, நைனா. இடுப்புக்குக் கீழ கப்பல்தான். பலகைல எய்திகீது, பாரு."

எழுதித்தான் இருந்தது. கப்பல் முகப்புச் சிற்பம், மரம், காலம் தெரியவில்லை.

தொட்டுக் கும்பிடலாமா என்றேன். கயிற்றைக் காட்டினார். மெழுகுவத்தி? மேலே உத்தரத்தைக் காட்டினார். "மொத்தமும் மரம். கெவுருமெண்ட் பில்டிங். என் வேல போய்டும்."

திரும்பும் வழியெல்லாம் கதை தேடினேன். கால்களை வெள்ளைக்காரன் அறுத்துக்கொண்டு போய்விட்டான். கால்களைச் செப்பனிட ரோமாபுரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். பாப்பரசர் தன் கையாலேயே இழைத்துக்கொண்டிருக்கிறார். மூன்று கதைகள், மூன்றும் அழகு. ஒன்றாவது அக்காவின் முகத்துக்கு நேரே நிற்குமா? இல்லை, பலகையில் இருப்பதை அப்படியே சொல்லிவிடட்டுமா? சொன்னால் அவளுக்குப் பிடித்துக்கொள்ள வேறு என்ன இருக்கிறது?

14 நவம்பர், வெள்ளி

இன்று மியூசியம் லீவு. நிஜமாகவே லீவு. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். உண்மையைச் சொல்லியும் ஒருத்தன் இப்படி நெளிந்திருக்க மாட்டான்.

பச்சைத் தண்ணீர் மட்டும் குடிக்கிறாள். எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். மற்ற கட்டுமரக்காரர்கள் என்னிடம் பேசும்போது குரலைத் தாழ்த்துகிறார்கள். எதுக்குடா தாழ்த்தறீங்க? எவன் செத்தான்?

15 நவம்பர், சனி

போய்வந்தோம்.

புறப்படும்போது ஆலிஸையும் கூப்பிட்டோம். "நான் வரல, அண்ணாத்த. எம் புருசன் கரையேறும்போது நான் இங்க இல்லாங்காட்டி அது தேடும்" என்றாள்.

பஸ்ஸில் அக்கா என் தோளில் சாய்ந்திருந்தாள். எடையே இல்லை. பூங்கா வாசலிலிருந்து கிடங்குவரை நடந்த தூரம் எனக்கு இலங்கைக்கு நடந்ததுபோல் இருந்தது. (பழக்க தோஷம். எழுதும்போது தானாக வருகிறது.)

உள்ளே போனோம். அவள் முதலில் தாடியைப் பார்த்தாள். பிறகு கீழே பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், கஷ்டப்பட்டு. என்னைப் படிக்கச் சொல்வாளோ என்று பலகைக்கு முதுகைக் காட்டி நின்றேன். மூன்று கதைகளும் வாய்க்குள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எதுவும் வெளியே வரவில்லை.

கடைசியில் அவளேதான் பேசினாள். "காலு தண்ணிக்குள்ள கீதுடா. இடுப்பளவு தண்ணில எறங்கிக்கீறாரு. புள்ளைங்கள தேடிகினு கீறாரு. கால் எப்பிடி தெரியும்?"

ஏழு படகு சக்கரவர்த்தி, ஆறாம் நம்பர் அதிபதி, கைகட்டி நின்றேன்.

"தண்ணியத் தொட்டா காலத் தொட்ட மாரிதானே, பாய்?" என்று அத்தாவுல்லாவிடம் கேட்டாள். அவர் போய், மூடிக்கிடந்த ஜன்னல் கதவைத் திறந்துவிட்டார். ஆறு தெரிந்தது. நாங்கள் ஆற்றுப் படியிறங்கினோம், அவரும் கூடவே வந்தார். ஈரக்கல்லில் மெழுகுவத்தி நிற்கவில்லை. காற்றில் அணைந்து அணைந்து போயிற்று. அவர் தன் அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்து அதன்மேல் கவிழ்த்தார். அக்கா ஆற்றில் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

வரும் வழியில் கடை இட்லி ஒன்று தின்றாள். நானும் தின்றேன். அப்போதுதான் எனக்கும் பசித்தது தெரிந்தது.

17 நவம்பர், திங்கள்

கடலூரிலிருந்து தந்தி. கஸ்பார் உயிரோடிருக்கிறான். ஆஸ்பத்திரியில்.

தந்தியில் ஒரு பெயர்தான் இருக்கிறது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பெயர்தான்.

20 நவம்பர், வியாழன்

கஸ்பாரைக் கூட்டிவந்தேன். தோலெல்லாம் உப்பில் வெடித்திருக்கிறது. காற்று எங்கெங்கோ இழுத்துப்போய்த் தெற்கே தள்ளியதாம். இரண்டாம் நாள் இரவில் ஒரு அலை. "கைய புட்சிகினுதான் இருந்தேன், மாமு. கட்டைய புட்சிகினு, அவன் கையையும் புட்சிகினுதான் இருந்தேன்."

ஆலிஸ் வந்து வாசலில் நின்று அவனைப் பார்த்தாள். "நீயாச்சும் வந்தியேடா" என்றாள். திரும்பிக் கரைக்கே போனாள்.

23 நவம்பர், ஞாயிறு

பூசை முடிந்ததும் பெண்கள் கூட்டம் அக்காவைச் சூழ்ந்துகொண்டது. எண்ணூர் ராயப்பர் கஸ்பாரைக் காப்பாற்றிப் புதுமை செய்தாராம். அடுத்த ஞாயிறு வண்டி கட்டிப் போகப்போகிறார்களாம். என்னிடம் வந்து கதையை முழுசாகச் சொல் என்றார்கள். தலைவலி என்று நழுவிவிட்டேன். இனிமேல் நான் எந்தக் கதையும் சொல்வதாக இல்லை. ஒரு கதைக்கு ஒருத்தன் வந்தான், ஒருத்தன் வரவில்லை. அந்தக் கணக்குக்கு நான் எங்கே பதில் சொல்வேன்?

7 டிசம்பர், ஞாயிறு

காலையில் ஆலிஸ் வந்தாள். கஸ்பார் வந்த அன்றைக்குப் பிறகு முதல்தடவையாகக் கரையை விட்டு.

"அண்ணாத்த, என்னை அங்க இட்டுகினு போ."

எண்ணூருக்குத்தான். போனோம். அத்தாவுல்லா ஆலிஸின் கையிலிருந்த மெழுகுவத்தியைப் பார்த்துவிட்டு, கேட்காமலே கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். அவள் உள்ளே போகவில்லை. ஆற்றுப் படியில் உட்கார்ந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. அங்கிருந்தே தாடி தெரிந்தது.

"கதைய சொல்லு" என்றாள்.

"ஆலிஸ்... அது வந்து, அந்தக் கத வந்து..."

"தெரியும் அண்ணாத்த. ஒடஞ்ச கப்பல் கட்டன்னு குப்பத்துக்கே தெரியும். வியாகுலக்காவுக்கும் தெரியும். உங்கதைய யாரு நெசம்ன்னு கேட்டாங்க? எம் புருசன், அது சிரிச்சிகினே கேக்கும். நீ சொல்லு."

சொன்னேன். புயலைச் சொன்னேன். அலை எத்தனை பனை உயரம் என்று சொன்னேன். தாடிக்காரர் தண்ணீரில் இறங்கியதையும், ஒரே கயிற்றில் எல்லாவற்றையும் கோத்ததையும் சொன்னேன். அவள் ஆற்றையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"எத்தினி படகு?" என்றாள்.

"ஏழு."

"எட்டுன்னு சொல்லு."

எட்டு என்றேன்.