மூக்குத்தி மாறிய முகம்

என் மலைக்காரி மல்லிகாவுக்கு,

நீ போய்ச் சேர்ந்த பிறகும் போளூர் அறையில் நம் மேசை அப்படியேதான் கிடக்கிறது. உன் நாற்காலியை மட்டும் எனக்கு நகர்த்த மனசு வரவில்லை. தீப்பெட்டி அளவு முகச் சித்திரங்களுக்கு இன்னும் ஆர்டர் வருகிறது. நிஜத் தந்தத்தைத் தொடவே கூடாதென்று, அதைப்போல வெளிச்சம் ஊடுருவும் மெல்லிய செயற்கைத் தகட்டில்தானே வரைகிறோம்? ஆனாலும் பஸ்ஸில் நான் "தந்தத்துல மூஞ்சி வரையறோம்" என்று பீற்றிக்கொள்ள, பக்கத்து சீட்டு அம்மா பயந்துபோய் எழுந்து தள்ளி உட்கார்ந்தார். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாயே.

முன்பக்கம் நான், பின்பக்கம் நீ. தகட்டின் பின்னால் நீ பூசும் சிவப்பு ஊடுருவி வந்த பிறகுதான் கன்னத்துக்கு உயிர் வரும். கையெழுத்து மட்டும் முன்பக்கம், என்னுடையது. நீ ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காவிட்டால் என்ன, நானாவது உன் பெயரையும் போடச் சொல்லியிருக்கலாம்.

போன வாரம் உன்னை வரைந்து எடுத்துக்கொண்டு மலைக்கு, உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா புளி அடித்துக்கொண்டிருந்தார்கள். கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்கள்.

"மூக்குத்தி எடப்பக்கமா போய்டுச்சே கண்ணு," என்றார்கள். "பரவால்ல, குடு. வூட்ல அவ மூஞ்சி வேற எதுலயும் இல்ல."

உன் போனில் இருந்த செல்ஃபியைப் பார்த்து வரைந்தேன். கண்ணாடிபோல இடப்பக்கத்தை வலப்பக்கமாகக் காட்டும் படம் அது. ஆர்டருக்கு வருகிற செல்ஃபியை முதலில் திருப்பச் சொல்வதே நீதான். உன்னுடையதைத் திருப்ப எனக்குத் தோன்றவில்லை. வரைந்து முடித்த பிறகும் தப்பாகத் தெரியவில்லை. இத்தனை வருஷம் எதிரில் உட்கார்ந்தவளின் முகத்தை நான் எங்கே பார்த்தேன்? வெட்கக்கேடு.

பெயிண்ட் இன்னும் காயவில்லை, எடுத்துப் போய்க் காயவைத்துக் கொண்டுவருகிறேன் என்று புளுகிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டேன். புளுகு என்று தெரிந்தும் அம்மா ஒரு பொட்டலம் புளி கட்டிக் கொடுத்தார்கள். பஸ் சந்தவாசல் தாண்டுகிறவரை அதை மடியில் வைத்துக்கொண்டு தலை நிமிரவில்லை நான்.

இன்று காலை அழித்துவிடலாம் என்றுதான் தகட்டை எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் அது கையில் திரும்பிவிட்டது. பின்பக்கத்திலிருந்து நீ என்னைப் பார்த்தாய். மூக்குத்தி வலப்பக்கம். அந்தப் பின்பக்கம்தானே உன் பக்கம், மல்லிகா. நான் ஒரு தடவையாவது தகட்டைத் திருப்பிப் பார்த்திருக்கிறேனா?

அழிக்கப்போவதில்லை. இனி அதுதான் முன்பக்கம். அங்கே உன்னை மறுபடி வரைகிறேன். நான் தப்பாக வரைந்தது பின்னால் இருந்து உன் கன்னத்துக்கு நிறம் கொடுக்கட்டும். என் கையெழுத்தை உன் புடவை நிறத்தால் மூடிவிடுகிறேன். புளி தீர்வதற்குள் அம்மா கையில் கொண்டுபோய்க் கொடுப்பேன். பெயர் எழுதினால் உன் பெயர்தான்.

உன் அம்மா இன்னும் 'கண்ணு' என்று கூப்பிடுகிற இன்னொரு மகள்,
சுமதி