சிவப்பு இம்பாலாவில் மீன்கண்கள்

ஃபெலிஸா அக்காவுக்கு,

முதலில் ஒன்று. இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டிவிடாதே. கப்பற்படை முகாமில் உனக்கு மேல் கட்டிலில் படுக்கிறாளே டெக்ஸஸ்காரி, எல்லாருடைய கடிதத்தையும் சத்தமாக வாசிக்கிறவள், அவளிடம் நிச்சயமாக வேண்டாம். வாசித்து முடித்ததும் கிழித்து இரண்டு வேறு குப்பைத்தொட்டிகளில் போடு. உறைமேல் அம்மாவின் கையெழுத்து இருப்பதைப் பார்த்து உள்ளே அம்மா எழுதியிருப்பார் என்று நினைத்திருப்பாய். உறை மட்டும்தான் அவருடையது. முகவரி எழுதி முடித்துவிட்டு, "உங்க அப்பாவைப் பத்தி நல்லதா எழுத ஒண்ணுமில்ல, கெட்டதா எழுதினா பயிற்சியில அவளுக்குக் கவனம் சிதறும்" என்று சொல்லி, உறையைக் குளிர்பெட்டி மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதனால் இந்த வாரம் அம்மாவின் வேலையை நான் செய்கிறேன். கதவைத் தாழிட்டிருக்கிறேன். மணி எட்டரை.

இங்கே நாங்கள் மூவரும் உயிரோடு இருக்கிறோம். நலமா என்று கேட்டால் ஒவ்வொருவராகத்தான் சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் கை வெடித்திருக்கிறது. அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. நான் இரண்டு இரவாகப் பள்ளிப் பையைக் கட்டிக்கொண்டே படுக்கிறேன். உன் குதிகால் கொப்புளம் ஆறியதா? ஈரக் காலுறையோடு ஓடாதே என்று அம்மா சொல்லச் சொன்னார், அதாவது சண்டைக்கு முன்னால் சொன்னார். அங்கே மிளகாய் இல்லாமல் முட்டையைத் தின்கிறீர்களாம், கேட்டதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். நீ கப்பற்படைக்குப் போனபோது நம் ஹேர் ட்ரையரையும் எடுத்துக்கொண்டு போனாய். அதை அங்கே வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தாய். உனக்கும் பயனில்லை, எனக்கும் இல்லை. என் முடி உனக்குத் தெரியும், ஈரத்தோடு விட்டால் காய்ந்த முட்புதர்போல் உருண்டு நிற்கும். ஓட்டப் பயிற்சி முடிந்து பள்ளியில் குளித்துவிட்டு வரும்போது, அப்பாவின் பட்டறையில் பெயின்ட் அடிக்கும் அறை காலியாக இருந்தது. கார் இல்லை, ஆள் இல்லை. பெயின்ட் காய்வதற்காக மேலிருந்து சூடான காற்று வருமே, அந்தப் பொத்தானை அழுத்தினேன். அக்கா, இந்த மாவட்டத்திலேயே அதைவிட நல்ல ட்ரையர் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு நடுவில் நின்றால் ஐந்தே நிமிடம். அதோடு தலையில் நீ கொடுத்த பளபளப்பு ஸ்ப்ரேயை அடித்துக்கொண்டேன். நன்றாகவே அடித்தேன். திங்கள் ஒரு தரம், புதன் ஒரு தரம். கண்ணாடியில் பார்த்தபோது நான் வேறு யாரோபோல் இருந்தேன், அவ்வளவு அழகு.

செவ்வாய்க்கிழமை அந்த அறைக்குள் மாயெஸ் ஐயாவின் கார் போனது. பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாரே, அவர்தான். அறுபத்து மூன்றாம் வருஷத்து இம்பாலா. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அதைத்தான் திருகாணி திருகாணியாகச் சேர்த்துக் கட்டினார். புனித வெள்ளி அன்று ரிவர்சைட் சாலையில் எல்லாரும் மினுக்கிய பழைய கார்களை ஊர்வலமாக மெதுவாக ஓட்டிப் போகும்போது அவரும் போக வேண்டும், மிட்டாய்ச் சிவப்பில். அடியில் வெள்ளி நிறம், அதன்மேல் கண்ணாடிபோன்ற சிவப்பு, பூச்சுமேல் பூச்சாகப் பத்து. அப்பாவும் டெல்ஃபினோ சித்தப்பாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் பூச்சு அடித்தார்கள். அடித்த இடத்திலேயே பெயின்ட் விலகி விலகி வட்டம் வட்டமாகக் குழி விழுந்தது. கார் முழுக்க. பட்டறையில் அதற்கு மீன்கண் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத ஒரு பொட்டு சிலிகோன் இருந்தால் போதும், பெயின்ட் அதன்மேல் உட்காராமல் ஒதுங்கிக்கொள்ளும். அதனால்தான் டயர் பளபளப்பு, மெழுகு டப்பா எதையும் அப்பா பட்டறைக்குள் விடுவதில்லை, உனக்கே தெரியும். மாயெஸ் ஐயா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்துவிட்டு, "ஏப்பா ஒனேஸிமோ, நான் கேட்டது சிவப்புக் கார், சின்னம்மை கண்ட கார் இல்ல" என்றார் அப்பாவிடம்.

காரை வெளியே தள்ளி எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டு, அறைத் தரையைக் கழுவிவிட்டு, வியாழக்கிழமை மறுபடி அடித்தார்கள். மீன்கண் முதல் தடவையைவிட அதிகம். அப்பா பெயின்ட் விற்கிற ஆளுக்குத் தொலைபேசியில் கத்தினார். அந்த ஆள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பெயின்ட்ல குறை இல்லிங்க, உங்க வீட்டுக் குளியலறைக்குப் போயி டப்பாங்களோட பின்பக்கத்தைப் படிங்க, பேரு கோன்னு முடியறது, சேன்னு முடியறது எல்லாம் சிலிகோன்தான்" என்று சொன்னாராம். அன்றோடு நம் வீட்டில் நிம்மதி போனது.

வெள்ளிக்கிழமை தவக்காலத்துக்காக அம்மா சிவப்பு மிளகாய்க் குழம்பில் முட்டை அடை போட்டுக்கொண்டிருந்தார். அப்பா நுணுக்கமான வேலைக்குப் போடும் உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். ஷாம்பூவைப் படித்தார். முடிக்குப் போடும் கிரீம், அம்மாவின் கைக்குப் பூசுவது, முகத்துக்குப் பூசுவது, வெயிலுக்குப் பூசுவது, உதட்டுச் சாயம், அக்குளுக்கு உருட்டுவது. ஒவ்வொன்றையும் படிக்கப் படிக்க அவருக்குக் குரல் இறங்கிக்கொண்டே போனது. "இதுலயும் இருக்கு லோரெட்டா. இதுலயும் இருக்கு." மேசை துடைக்கும் ஸ்ப்ரேயில் இருந்தது. ஷூ பாலிஷில் இருந்தது. அம்மாவின் இளஞ்சிவப்பு மஃபின் அச்சுகளைப் படிக்கவே வேண்டியதில்லை, அவை முழுக்க அதனாலேயே செய்தவை. இடுக்கியால் பிடித்து ஒவ்வொன்றாக முற்றத்துக்குக் கொண்டுபோனார், செத்த எலியைக் கொண்டுபோவதுபோல. குளியல் தொட்டியைச் சுற்றி அடைத்திருக்கிற வெள்ளைப் பசையைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். அம்மா கதவருகே வந்து, "அதையும் பேத்து எடுங்க, அப்புறம் குளிக்கறப்ப எல்லாரும் குடை பிடிச்சிக்கலாம்" என்றார்.

அப்பா, "தவக்காலம்தானே, இதெல்லாம் விட்டுட்டதா நெனச்சுக்க" என்று சொன்னதுதான் தப்பாகிவிட்டது. அம்மா கரண்டியை வைத்துவிட்டு, "நான் இந்தத் தவக்காலத்துக்கு சோடாவை விட்டிருக்கேன். என் தோலை விடறதா சாமிகிட்ட வாக்குக் குடுக்கல. இருபது வருஷமா பூசறேன், இதுக்குள்ள உள்ள ஊறியிருக்கும், என்னையும் இடுக்கியில புடிச்சு வெளிய போடுங்க" என்றார். அப்பா அது மனிதர்களை ஒன்றும் செய்யாது, பெயின்டுக்குத்தான் ஆகாது என்றார். "எனக்கு ஒத்துக்குது, உங்க காருக்கு ஒத்துக்கல. அப்ப மருந்து யாருக்குக் குடுக்கணும்" என்று கேட்டுவிட்டு, அப்பாவின் சட்டைப் பையிலிருந்து அவர் நாள் முழுக்க மெல்லுகிற வாயு மாத்திரையை உருவி அவர் கண்ணாடிக்கு நேராக நீட்டினார். அப்பா படித்தார். மறுபடி படித்தார். "வயித்துக்குள்ள இருக்கறது கணக்குல வராது" என்றார். அதற்கப்புறம் அம்மா அவரோடு பேசவில்லை. இந்த வறண்ட காற்றில் கையில் பூச ஒன்றும் இல்லாமல் பன்றிக் கொழுப்பைப் பூசிக்கொள்கிறார். நாய் அவரை விட்டு நகர்வதில்லை.

என் ஸ்ப்ரே பள்ளிப் பையில் இருந்ததால் அப்பாவின் கையில் சிக்கவில்லை. நான் அறைக்கு வந்து அதைத் திருப்பிப் பார்த்தேன். முதல் பெயர் கோன் என்று முடிந்தது. இரண்டாவது சேன் என்று முடிந்தது. தண்ணீர் என்ற சொல் அந்தப் பட்டியலிலேயே இல்லை அக்கா. நான் அடித்ததெல்லாம் என் தலையில் மட்டும் நிற்கவில்லை, காற்றோடு சுவரிலும் வடிகட்டியிலும் போய் ஒட்டியிருக்கிறது. பொத்தானை அழுத்தும்போதெல்லாம் கார்மேல் இறங்குகிறது. அவர்கள் காரைத் தேய்க்கிறார்கள், தரையைக் கழுவுகிறார்கள். கூரையில் இருக்கிற வடிகட்டியை யாரும் நினைக்கவில்லை. அந்த நிமிடமே கீழே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். முற்றத்தில் கிடந்த அச்சுகளை அப்பா தார்ப்பாயால் மூடிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக அவர் முகத்தைப் பார்த்தேன், திரும்பி வந்து படுத்துவிட்டேன்.

நான் வாயை மூடியதன் பலன் முழுக்க டெல்ஃபினோ சித்தப்பாவுக்குப் போனது. அவருடைய தலைமுடி எப்படிப்பட்டது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அதில் மெழுகுவர்த்தி தெரியும். அப்பா சனிக்கிழமை காலை பாத்திரம் துலக்கும் சோப்பைக் கொடுத்து, தலையைக் கழுவிவிட்டு வா என்றார். சித்தப்பா பட்டறைக் குழாயடியில் குனிந்து மூன்று தரம் கழுவினார். நிமிர்ந்தபோது முடி அத்தனையும் நேராக நின்றது. மாயெஸ் ஐயா தொப்பியைக் கழற்றி வணங்கினார். சித்தப்பாவும் சிரித்தார், அதுவரை சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு ஒரு பழைய கதவை அறைக்குள் வைத்து அடித்துப் பார்த்தார்கள். அதிலும் மீன்கண்.

அப்பா ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்தார். "நீ வேற என்னமோ பூசற டெல்ஃபினோ. சொல்ல மாட்டேங்கற" என்றார். சித்தப்பா முதலில் அது வேடிக்கை என்று நினைத்தார். "அண்ணே, தலையிலதான் ஒண்ணுமில்லாம பண்ணிட்டிங்களே, இனி தோலை உரிச்சுக் காட்டவா" என்றார். அப்பா சிரிக்கவில்லை. "இருவது வருஷம் இந்த அறையில மீன்கண் வந்ததில்ல. நானும் நீயும்தான் உள்ள போறோம். நான் இல்ல." சித்தப்பா கையுறையைக் கழற்றினார். "இருவது வருஷம்னு நீங்களே சொல்றிங்க. அதுல ஒரு நாள் நான் உங்ககிட்ட பொய் சொல்லியிருக்கேனா? பரவால்ல அண்ணே. என் மச்சான் வடக்க தாவோஸ் ஊர்ல பட்டறை வெச்சிருக்கான், அவனுக்கு என் தலை பிரச்சினை இல்ல" என்றார். ஞாயிறு இரவு, அதாவது இன்று, ஒன்பது மணிக்கு வந்து தன் சாமான்களை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் பட்டறை வாசலில் புத்தகப் பையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த ஸ்ப்ரே பைக்குள்ளேதான் இருந்தது. போகும்போது, "உன் முடி மட்டும் இந்த வீட்டுல நல்லா இருக்கு கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே பாராட்டினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

புனித வெள்ளிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அப்பா தனியாகப் பத்துப் பூச்சு அடிக்க முடியாது, ஒருவர் காற்றுக் குழாயைத் தூக்கிப் பிடிக்காமல் அந்தக் காரைச் சுற்றி நடக்கவே முடியாது. கார் போனால்கூடப் பரவாயில்லை. சித்தப்பா போய்விட்டால் அப்பா இனி யாரோடு பேசுவார் என்று யோசித்துப் பார். அப்பா நம்மோடு பேசுவதெல்லாம் சித்தப்பாவோடு பேசியதில் மீதிதான்.

அதனால் ஒரு காரியம் செய்துவிட்டேன். எட்டு மணிக்கு, அப்பா நாய்க்குச் சோறு வைக்கப் போனபோது, பட்டறைக்குள் ஓடி, சித்தப்பாவின் சாமான் பெட்டிமேல் ஸ்ப்ரேயை வைத்து, அடியில் ஒரு காகிதத்தைச் செருகிவிட்டு வந்தேன். அப்பா திரும்பும்வரை நின்று நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை. காகிதத்தில், நான்தான் அறைக்குள் நின்று தலை காயவைத்தேன், திங்களும் புதனும், கூரை வடிகட்டியை மாற்றுங்கள், சித்தப்பாவைப் போகவிடாதீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இப்போது மணி ஒன்பதாகப் போகிறது. சித்தப்பாவின் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. பட்டறையில் விளக்கு எரிகிறது. குரல் எதுவும் கேட்கவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. கத்தினால்கூட என்ன நடக்கிறது என்று தெரியும்.

அம்மா கடைசியில் எழுதுவதை எல்லாம் இப்போதே எழுதிவிடுகிறேன், பிறகு நேரம் கிடைக்காமல் போகலாம். கன்னி மரியாள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். கடல் உன்னை மடியில் வைத்துக்கொள்ளட்டும். அதிகாரி திட்டினால் மனதில் மட்டும் பதில் சொல். காலுறையை மாற்று. நீ ஊருக்கு வரும்போது நான் வீட்டுச் சிறையில் இருந்தால் ஜன்னல் பக்கமாக வந்து பேசு.

அன்புள்ள தங்கை,
பெர்லா ட்ருஹியோ.

இன்னும் ஒன்று. பட்டறை விளக்கு அணைந்துவிட்டது. வண்டி கிளம்பவில்லை. சமையலறைக் கதவு திறந்தது. அம்மா அப்பாவிடம் ஏதோ கேட்கிறார், மூன்று நாளில் அவரிடம் முதல் வார்த்தை. படியில் காலடி வருகிறது, அப்பாவின் பூட்ஸ், கனமாக. கதவைத் தட்டுகிறார்கள். "பெர்லா, தொறம்மா" என்கிறார் அப்பா, கோபமா என்று தெரியவில்லை. திரும்பவும் தட்டுகிறார்கள். அக்கா, இது ஒருவர் தட்டுகிற சத்தம் இல்லை. இரண்டு பேர். டெல்ஃபினோ சித்தப்பா போகவில்லை, கதவைத் திறக்கப் போகிறே