சந்தையில் என் குரல்

மார்ச் 5, வியாழன்
கருவாடு பாதிகூட விற்கவில்லை. எதிரிலேயே லுகெம்வாவின் வண்டி. காலையிலிருந்து ஒலிபெருக்கியில், அவன் பதிவு செய்து வைத்த என் குரல்தான். "படுத்த படுக்கையாக் கிடந்தேன்! டாக்டர் லுகெம்வாவோட மருந்துமண்ணு என்னைத் தூக்கி நிறுத்துச்சு!"

என்ன குழைவு, என்ன நடிப்பு. சீ! அன்று மைக்கை நீட்டினான், கூட்டம் கைதட்டியது, எனக்கு வாய் கொழுத்துவிட்டது. மூலிகை பிசைந்த அந்த மண்கட்டியைக் கரைத்துக் குடித்தது உண்மைதான். கிளினிக் மாத்திரையை ஒரு நாளும் விடாததும் உண்மை. அவனிடம் மாத்திரையைச் சொல்லவில்லை. நர்ஸிடம் மண்ணைச் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் நான் நல்ல பிள்ளை.

இப்போது மாத்திரை டப்பா கருவாட்டுச் சாக்குக்குள் கிடக்கிறது. பத்து மணிக்குச் சந்தையில் குனிந்து தேடுகிற மாதிரி விழுங்குகிறேன். தொண்டை வரை மீன் நாற்றம்.

மார்ச் 8
நபுகீரா மாத்திரையை நிறுத்திவிட்டாள்!

என் சக்களத்தி. புருஷன் கசூலே செத்தபோது எங்கள் இரண்டு பேருக்கும் சமமாகப் பங்கு வைத்தது இந்த எச்.ஐ.வி. நோயைத்தான். ஆறு வருஷம் ஒரே குவளைத் தண்ணீரில் மாத்திரை போட்டோம். மைக்கில் பேசிய பிறகு நான்தான் அவளிடம் பீற்றிக்கொண்டேன், எனக்கு இனி மாத்திரை தேவையில்லை என்று.

"நிறுத்திட்டியா? யாருடி சொன்னா உனக்கு?"

"நீதானேக்கா வாராவாரம் சந்தையில கத்துற. உனக்கு மட்டும்தான் நல்லாகணுமா? இளையவ நான் நாசமாப் போகணுமா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்து, "முட்டாளே, நான் பொய் சொன்னேன்" — நாலு வார்த்தை. வாழைக்காயை உரித்துக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 4
அவள் கன்னம் பளபளக்கிறது. ஒருவேளை அந்த மண்ணில்...? தூ, பொய் சொன்னவளுக்கே சபலம்.

ஜூன் 18, வியாழன்
வண்டியில் புதுக் குரல். நபுகீரா! "என்னைப் பாருங்க! என் ஒடம்பைப் பாருங்க! மாத்திரையைத் தூக்கிப் போட்டேன்!"

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, என் குரலை எடுத்துவிட்டான் என்று. அதை இங்கே எழுதவே கூசுகிறது. என்ன ஜென்மம் நான்?

ஆகஸ்ட் 11
பத்து நாளாக இருமுகிறாள். இன்று தண்ணீர் கொடுத்தபோது பார்த்தேன், நாக்கெல்லாம் வெள்ளை. அப்போதும் மண்ணைக் கரைத்துத் தரச் சொல்கிறாள்.

டப்பாவைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தேன்.

"என்னக்கா இது? கருவாட்டு நாத்தம்."

"என் மாத்திரை. நான் ஒரு நாளும் நிறுத்தலை."

என்னையே பார்த்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். வாயில் ஊறியதைக் கூட்டி என் காலடியில் துப்பினாள். பிறகு மோட்டார் சைக்கிள் பிடித்து, அவளை நடுவில் உட்கார வைத்துக் கிளினிக்குக்குப் போனோம்.

ஆகஸ்ட் 30
காசநோயும் சேர்ந்துவிட்டதாம். இனி அவளுக்குத் தினம் ஐந்து மாத்திரை. நர்ஸிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மண் உட்பட. நபுகீரா பேசுவதில்லை. கஞ்சி ஊட்டினால் வாயைத் திறக்கிறாள், கண்ணை மூடிக்கொண்டு.

செப்டம்பர் 23
லுகெம்வாவிடம் போய், அவள் குரலை நிறுத்து என்றேன். "நல்லா ஓடுதே, எதுக்கு நிறுத்தணும்?" என்று சிரித்தான்.

வீட்டுக்கு வந்து இதை நபுகீராவிடம் சொன்னதும், ஆறு வாரத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசினாள். "நாளைக்கு என்னையும் சந்தைக்குக் கூட்டிட்டுப் போ."

செப்டம்பர் 24, வியாழன்
வண்டியை ஒட்டியே பாய் போடச் சொன்னாள். ஒலிபெருக்கிக்கு அடியிலேயே உட்கார்ந்தாள், போர்வையை எடுத்துவிட்டு. எலும்பும் தோலும்.

"என்னைப் பாருங்க! என் ஒடம்பைப் பாருங்க!" என்று அவள் குரல் மேலே கத்தியது. பார்த்தார்கள். மண்கட்டி வாங்கக் கையை நீட்டிய ஒருத்தி கையை இழுத்துக்கொண்டாள். லுகெம்வா பாய்ந்து போய்ப் பாட்டுக்கு மாற்றினான்.

"மணி பத்தாச்சு. நீயும் உக்காருக்கா. டப்பாவை எடு," என்றாள்.

"இங்கயா? எல்லாரும் பாக்குறாங்கடி."

"பாக்கட்டும்."

சாக்கிலிருந்து இரண்டு பேருடையதையும் எடுத்தேன். ஒரே குவளைத் தண்ணீர். எனக்கு ஒன்று, அவளுக்கு ஐந்து.