அன்னம்மாளின் வயது

கெர்வான், பிரெத்தான், பிரான்ஸ்
ஜூலை 29, 1986

அன்பு மகள் ரோஸெனுக்கு அம்மா எழுதுவது. சர்வேசுரன் கிருபையாலோ, வைத்தியர் உன் அப்பாவின் வெண்ணெயைப் பாதியாக வெட்டியதாலோ, இரண்டில் ஏதோ ஒன்றால் இங்கே நாங்கள் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்தத் தீவில் காய்ச்சல் கொசுக்கடி இல்லாமல் இருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன். நூமேயாவில் இப்போது குளிர்காலம் என்கிறாய், படத்தில் பார்த்தால் கையில்லாத சட்டையோடு நிற்கிறாய், அது என்ன குளிரோ. பக்கத்தில் நிற்கிற தாடிக்காரன் யார் என்று அப்பா கேட்கிறார். நான் கேட்கவில்லை, அப்பாதான் கேட்கிறார். அவருக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் படகை விற்ற பிறகு வீட்டிலேயே இருந்துகொண்டு நான் சமைப்பதற்கெல்லாம் யோசனை சொல்கிறார், அதைத்தான் தாங்க முடியவில்லை.

பெரிய சேதி அன்னம்மாளைப் பற்றியது. நம் சிற்றாலயத்துப் புனித அன்னம்மாள் சுரூபத்தைத்தான் சொல்கிறேன். அக்கரை ட்ரெகோன்காரர்கள் காலங்காலமாக என்ன கத்துகிறார்கள் என்று உனக்குத் தெரியும், அவள் அவர்கள் ஊர்ச் சூளையில் சுட்டவள், புரட்சிக் காலத்தில் சிப்பாய்கள் கோவில்களை நொறுக்கியபோது பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லி ஆற்றுக்கு இந்தப் பக்கம் கொடுத்தார்கள், நாம் அமுக்கிக்கொண்டோம். நம்மவர்கள் சொல்வது, அவள் கடலில் மிதந்து நேராக கெர்வான் கரைக்கு வந்தவள், அவர்கள் பொறாமையில் வேகிறார்கள். பீங்கான் எப்படி மிதக்கும் என்று சின்ன வயதில் நீ கேட்டு உன் பெரியப்பாவிடம் குட்டு வாங்கினாய். போன வருஷத் திருவிழாப் பவனியில் கொடிக்கம்பத்தால் அடித்து ஹெர்வே பெரியப்பாவின் மூக்கையே உடைத்துவிட்டார்கள், அதிலிருந்து அவர் பேசினால் குழாய்க்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. புதிதாக வந்திருக்கிற பங்குச்சாமியார் பட்டணத்துப் பிள்ளை, இந்த வருஷமும் ரத்தம் பார்க்க அவரால் முடியாதாம். மண்ணும் மெருகும் பார்த்து வயதும் ஊரும் சொல்லத் தெரிந்த யாராவது சுரூபத்தைப் பார்க்கட்டும், ட்ரெகோன் சூளை என்றால் அங்கே போகட்டும், இல்லை என்றால் அவர்கள் வாயை மூடட்டும் என்றார். இரண்டு ஊரும் சேர்ந்து என் பெயரைச் சொன்னது. சந்தைச் சந்தையாகப் பழைய பாண்டம் விற்றவள் என்பதற்காக என்று நினைக்காதே. கோவில் பக்கம் தலை வைத்துப் படுக்காதவள், அதனால் எந்தக் கட்சியும் இல்லாதவள் என்று நம்பினார்களாம். மரியாதை எந்த வாசல் வழியாக வருகிறது பார்.

திருவிழாவுக்கு முந்தின வாரம் பூதக்கண்ணாடியும் காய்கறி நறுக்குகிற கத்தியும் எடுத்துக்கொண்டு போனேன். சாமியார் இருந்தார், நம் பக்கம் ஹெர்வே பெரியப்பா, அவர்கள் பக்கம் ஜொப் கெர்வெரன், அந்தப் பன்றிப் பண்ணைக்காரன். பீடத்திலிருந்து அவளைத் தூக்கி மடியில் போட்டுத் தலைகீழாகத் திருப்பினேன். பெரியப்பா பதறி, "அடியே கேட்டெல், அது அன்னம்மாள், சொம்பு இல்ல" என்றார். அன்னம்மாள்தான், ஆனால் அவள் வயதை அவள் முகம் சொல்லாது, அடிப்பாகம்தான் சொல்லும், பொம்பளைகள் விஷயத்தில் அது வேறு எங்கேயும் ஒத்துவராது என்றேன். சாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தூக்கும்போதே தெரிந்துவிட்டது, ரோஸென். கனமே இல்லை. இரண்டு பக்கமும் சட்டைத் தையல் மாதிரி மெல்லிய கோடு, அச்சில் வார்த்து ஒட்டியது. பழங்காலத்துக் கை வேலை என்றால் உள்ளே விரல் தடம் இருக்கும், இதில் கிண்ணம் மாதிரி வழவழப்பு. பாதத்தைச் சுற்றி யாரோ சுண்ணாம்புச் சாந்து பூசியிருந்தார்கள். கத்தியால் சுரண்டினேன், நீல எழுத்தில் திருவிழா நினைவுப் பொருள் என்று வந்தது. இன்னும் சுரண்டினேன், அடியில் பிரான்ஸ் என்று வந்தது. வெளிநாட்டுக்கு அனுப்புகிற சரக்கில் நாட்டின் பெயரைப் போடத் தொடங்கியதே போன நூற்றாண்டின் கடைசியில்தான், அதற்கு முன்னால் சுட்ட பாண்டத்தில் அது இருக்கவே இருக்காது. சுரூபத்தின் அடிப்பீடத்தில் முழந்தாளிட்டு ஜெபிக்கிற ஒரு பெண்ணை வரைந்திருந்தார்கள், நம் பக்கத்து லேஸ் குல்லாதான், ஆனால் உள்ளங்கை உயரம்தான் இருந்தது. நம் பெண்கள் குல்லாவைக் கோபுரம் மாதிரி ஏற்றிக் கட்டியதெல்லாம் முதல் உலகச் சண்டைக்குப் பிறகு. ஆக அந்தச் சண்டைக்குக் கொஞ்சம் முன்னால் கெம்பேர்ப் பட்டணத்துப் பீங்கான் பட்டறையில் அச்சில் வார்த்து, திருவிழாக் கடையில் விளக்குக்கும் ஜெபமாலைக்கும் நடுவே வைத்து விற்ற பொம்மை. கடலில் மிதந்தும் வரவில்லை, புரட்சியைப் பார்க்கவும் இல்லை.

பெரியப்பா என்னைப் பாவசங்கீர்த்தனத் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போய், அந்த உடைந்த மூக்கால், "ஒரு நூறு வருஷம் கூட்டிச் சொல்லும்மா, உனக்கு என்ன குறைஞ்சு போகுது" என்றார். சந்தையில் அதைச் செய்யாமல்தான், அத்தான், இத்தனை காலம் பிழைத்தேன் என்றேன். நாங்கள் திரும்பி வந்து பார்த்தால் ஜொப் கெர்வெரன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், முகம் அவன் பன்றிகளைவிடச் சிவந்திருக்கிறது. இருமுகிறான் என்று நினைத்தேன், சிரிக்கிறான். பிறகு சிரிப்பும் நின்றுபோய், "இதை வாங்கி வச்சது எங்க தாத்தன்தான்" என்றான்.

அவன் சொன்னதைச் சுருக்கி எழுதுகிறேன். அவன் தாத்தன் லான், ஊர் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, நம்மவர்கள் எல்லாம் அறுவடையில் இருந்தபோது பழைய அன்னம்மாளை உருளைக்கிழங்கு மூட்டைக்குள் ஒளித்துத் தள்ளுவண்டியில் கொண்டுபோயிருக்கிறான். பாலத்தில் சக்கரம் மாட்டி வண்டி கவிழ்ந்தது. கிழங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டியவள் கொடுத்த வசவில் அவன் ரயிலேறி கெம்பேருக்குப் போய், ஏறக்குறைய அதே உயரத்தில் ஒரு அன்னம்மாளை வாங்கி, எழுத்தின்மேல் சாந்தைப் பூசி, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குள் நம் பீடத்தில் வைத்துவிட்டான். நம் கெர்வான் முன்னோர்களைப் பற்றி நீ பெருமைப்பட வேண்டும். பழுப்பு அன்னம்மாள் பளபளவென்று ஆகிவிட்டாளே, அற்புதம் என்று மணியடித்துத் தெருவெல்லாம் ஆப்பிள் சைடர் ஊற்றினார்களாம். கெர்வெரன் குடும்பம் இத்தனை காலமும் இதைத் தெரிந்துகொண்டே எங்கள் சுரூபத்தைக் கொடு என்று கூட்டத்தோடு கத்திக்கொண்டிருந்தது. நீயும்தானே கத்தினாய் என்று சாமியார் கேட்டதற்கு ஜொப், "கத்தாம இருந்தா சந்தேகப்படுவாங்க, சாமி" என்றான்.

பழையது எங்கே என்று கேட்டேன். உடம்பு கோழிக்கூண்டுக்கு அடித்தளமாகப் போய்விட்டதாம், தலையை மட்டும் பாட்டி பிஸ்கட் டின்னில் வைத்திருந்தாளாம். மறுநாள் கொண்டுவந்தான். கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினேன். கழுத்து உடைந்த விளிம்பில் அரிசிக்குருணை மாதிரி வெள்ளைக் கல் கலந்த செம்மண், ட்ரெகோன் வயலை உழுதால் இன்றைக்கும் கிளம்புகிற அதே ஓட்டுச் சில்லு, சைடர் ஜாடி என்று அந்த மண்ணை நான் எத்தனை விற்றிருப்பேன். உள்ளே கட்டைவிரல் அழுத்திய குழிகள். ஒரு கண் மற்றதைவிடப் பெரிது, யாரோ குயவன் தன் பெண்டாட்டி முகத்தையே வைத்துவிட்டான் போல, பேரம் பேசுகிற மாதிரி பார்க்கிறாள். புரட்சிக்கு முந்தியவள் என்று சொல்ல எனக்குக் கண்ணாடியே வேண்டியிருக்கவில்லை. ஆக, ட்ரெகோன்காரர்கள் சொன்னது அத்தனையும் நிஜம். அவள் அவர்கள் ஊர்ச் சூளையில் பிறந்தவள்தான். போட்டு உடைத்ததும் அவர்களேதான். பெரியப்பா அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மூக்கைச் சிந்தினார், வலித்தது, உட்கார்ந்துவிட்டார். சனிக்கிழமை திருவிழாவில் அவர்கள் தலையைப் பட்டுத் தலையணையில் வைத்துக்கொண்டு வந்தார்கள், நம்மவர்கள் பொம்மையைத் தோளில் தூக்கி வந்தார்கள். பாலத்தில் இரண்டு பவனியும் எதிர்ப்பட்டபோது கொடிக்கம்பங்கள் எல்லாம் அப்படியே நின்றன. ஜொப் தொப்பியைக் கழற்றி, சக்கரத்தைப் பார்த்துப் போங்கள் என்றான், அவ்வளவுதான், இரண்டு ஊரும் சிரித்துச் சிரித்து சாமியார் தொடங்கிய பாட்டு நின்றே போனது.

ஆனால் எனக்கு அதற்கு முந்தின நாள்வரை சரியாகத் தூக்கம் இல்லை, மை-ஜான் காரணமாக. கோவிலைப் பெருக்கி மெழுகுவர்த்தி ஏற்றுகிற அதே மை-ஜான்தான், எண்பது தாண்டியாகிவிட்டது, இன்னும் அந்த உயரக் குல்லாவோடுதான் நடக்கிறாள், எங்கள் காரில் ஏறினால் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவள், தினமும் அந்தச் சுரூபத்தின் முன்னால் உட்கார்ந்து பேசுகிறவள். அவளிடம் போய், நீ இத்தனை காலம் கும்பிட்டது திருவிழாக் கடைப் பொம்மை என்று எந்த வாயால் சொல்வது. எனக்கு நம்பிக்கை இல்லை என்பது வேறு, இருக்கிறவளிடமிருந்து பிடுங்குவது வேறு. ஆனாலும் ரொட்டிக்கடைக்காரி சொல்லி அவள் கேட்பதைவிட நான் சொல்வது மேல் என்று வெள்ளிக்கிழமை போனேன். விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். துணியை மடித்து வைத்துவிட்டு, பிறந்தது எந்த வருஷம் இருக்கும் என்று கேட்டாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்து, ஆறு, அந்த வாக்கில் இருக்கலாம் என்றேன். பீடத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்போ என் ஜோடு வயசா இவ? பெரியவங்களாச்சேன்னு என் புருஷன் விஷயத்துல பாதிய சொல்லாமலேல்ல விட்டுட்டேன்."

என்னை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். சாயங்காலச் சூப்புக்கு மணியடிக்கிற வரை அவள் வெளியே வரவே இல்லை, உள்ளே சில சமயம் குரல் உயர்ந்ததாக சாமியார் சொன்னார்.

கடிதம் நீண்டுவிட்டது. வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே, மீனை நன்றாக வேகவைத்துச் சாப்பிடு, உன் ஞானத்தாய்க்கு இரண்டு வரி எழுத மறக்காதே, மறந்தால் திட்டு எனக்குத்தான் விழும். அப்பா முத்தம் தரச் சொன்னார். அன்னம்மாளுக்கு என்ன வயதானாலும் சரி, உன்னைக் கண் கலங்காமல் பார்த்துக்கொள்ளட்டும், உனக்கும் யாரிடமும் பாதியை மறைக்க வேண்டிய அவசியம் வராமல் இருக்கட்டும்.

என்றும் உன் நினைவாக,
அம்மா கேட்டெல்