வேட்டுச் சத்தம்

வைகாசி 12, ஞாயிற்றுக்கிழமை

புதுச்சத்திரத்தில் சித்தப்பா மகள் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பில் வேட்டு வெடித்ததும், லாரி ஓட்டும் என் வீட்டுக்காரர் எங்கள் மகளை இழுத்துக்கொண்டு ஒரு காருக்குப் பின்னால் குப்புற விழுந்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"பீகார்ப் பக்கம் கல்யாண ஊர்வலத்துல துப்பாக்கியில சுடறாங்க புள்ள. நம்மூரு வேட்டாட்டம்னு நெனச்சு, கூட வந்த டிரைவர் வண்டியவுட்டு எறங்கி வேடிக்கை பார்க்கப் போனான். குண்டு பட்டு அங்கயே போயிட்டான்."

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆனால் தூங்கவில்லை.

அந்த டிரைவருக்குப் பதிலாக நாளை மறுநாள் என் தம்பி அவரோடு போகிறான். இன்று அத்தனை வேட்டுகளையும் பற்றவைத்தவன் அவன்தான்.